நீளும் கையும் நிற்கும் காலும்: எதிராளியின் கைகாலைக் குறிவைக்கும் முறை

சிறு வயதில் தமிழ்ப்பள்ளித் திடலில் சிலம்பக் கம்பு பிடித்து, வளர்ந்த பிறகு குத்துச்சண்டைக்கோ முவே தாய்க்கோ போகிறவரை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். சுங்கை பூலோ, கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் என்று எங்கே பார்த்தாலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மோத நின்றதும் அவர்கள் கண் எதிராளியின் முகத்தைத் தேடுகிறது. ஆனால் முகம்தான் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் அவருடைய கையை, கம்பை, காலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுகிற அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் அடி வாங்குகிறோம். வழியில் நிற்கும் கையையும் காலையுமே முதலில் அடித்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து இந்தப் பயிற்சிகள் தொடங்குகின்றன.

என் வாதம் ஒன்றே ஒன்று. கைகாலை அடிப்பதன் பலன் தூரத்தில் கிடைக்கிறது. வலி அதோடு கூட வருவது. உங்கள் தலை அவருக்கு எட்டாத இடத்தில் நிற்கும்போதே அவருடைய கை உங்களுக்கு எட்டிவிடுகிறது. இதை ஒப்புக்கொண்டால் பயிற்சியின் போக்கே மாறிவிடும். பலமாக அடிக்கப் பழகுவதைவிட எப்போது, எவ்வளவு தள்ளி நின்று அடிப்பது என்று பழகுவதே முக்கியமாகிவிடும். அதை மெல்லத் தொட்டே பழகலாம், கூட்டாளியின் எலும்பை உடைக்க வேண்டியதில்லை. முழு வேகத்தில் அடித்துப் பழகாதவனுக்கு இது வராது என்று சொல்லும் ஆசான்கள் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. காரணங்களைப் பயிற்சிகளின் ஊடே சொல்கிறேன்.

தூரம்தான் விஷயம் என்பதற்குச் சாட்சி

மேல்நாட்டு வாள்வீச்சில் ஃபாயில், எப்பே என்ற பிரிவுகள் உண்டு. ஃபாயிலில் உடற்பகுதியைத் தொட்டால்தான் புள்ளி. எப்பேயில் உச்சி முதல் உள்ளங்கால் வரை எங்கே தொட்டாலும் புள்ளி. அந்த ஒரு விதி மாறியதும் ஆட்டமே மாறிவிடுகிறது. எப்பே ஆட்டக்காரர் எதிராளியின் மணிக்கட்டையும் முன்கையையும் விடாமல் தேடுகிறார். சமயம் கிடைத்தால் பாதத்தைக்கூடக் குத்துகிறார். ஃபாயில் ஆட்டக்காரர் கையின் பக்கமே போவதில்லை. எப்பே வாளின் கைக்காப்புக் கிண்ணம் பெரியதாக இருப்பதற்கும் இதுதான் காரணம். அந்தத் தொடுகையில் வலி என்று சொல்லும்படி எதுவும் இல்லை, புள்ளி மட்டும்தான். இருந்தும் கையை அடிப்பது அங்கே அடிப்படை ஆட்டமாக இருக்கிறது என்றால், கை அருகில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. ஜப்பானியக் கெண்டோவிலும் புள்ளி தரும் நான்கு இடங்களில் மணிக்கட்டு ஒன்று.

ஆகவே முதல் வேலை, நீங்கள் ஆடும் ஆட்டத்தின் விதியைப் படிப்பது. அமெச்சூர் குத்துச்சண்டையில் கையில் விழும் குத்துக்குப் புள்ளி கிடையாது. டெக்குவாண்டோவில் இடுப்புக்குக் கீழே உதைத்தால் தண்டனை. சிலாட் போட்டியில் புள்ளி தரும் இலக்கு மார்புக் கவசம் மூடிய உடற்பகுதி. முவே தாயில் தொடையையும் கெண்டைக்காலையும் தாராளமாக உதைக்கலாம். சிலம்பப் போட்டியில் எங்கே தொட்டால் எத்தனை புள்ளி என்பது நடத்தும் அமைப்பைப் பொறுத்தது. பெயர் கொடுக்கும்போதே விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

தொடங்குமுன்

1. முழுக் கம்பை எடுக்காதீர்கள். மெல்லிய ரோத்தான் ஒன்றை நெற்றி உயரத்துக்கு வெட்டி, நுனியிலிருந்து பாதி வரை ஏர்கான் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரையைப் போட்டு டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். இரும்புச் சாமான் கடையில் இரண்டும் கிடைக்கும்.

2. ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் கம்பை உள்ளங்கையால் வருடிப் பாருங்கள். ரோத்தான் அடிபட்டால் நாராகப் பிய்யும். மூங்கில் நீளவாக்கில் பிளந்து, கத்தி போன்ற விளிம்பைக் காட்டும். விரிசல் தெரிந்த மூங்கிலை ஒட்டிக் கட்டிப் பயன்படுத்த வேண்டாம், தூக்கி எறியுங்கள்.

3. கம்புப் பயிற்சிக்கு விரல்களை மூடும் கெட்டியான கையுறை, முன்கைக் காப்பு, முகக்கம்பியுள்ள தலைக்கவசம் மூன்றும் வேண்டும். கையைத்தானே அடிக்கிறோம், தலைக்கவசம் எதற்கு என்று கேட்பார்கள். கையை நோக்கி வந்து தவறிய கம்பு அடுத்துப் போய் விழும் இடம் முகம்.

4. உதைப் பயிற்சிக்கு இருவருக்குமே கணைக்கால் காப்பு வேண்டும்.

5. மாலை மழை பெய்து ஓய்ந்த திடலில் உதைக்க வேண்டாம். ஊன்றிய கால் வழுக்கினால் முழங்கால் திருகிக்கொள்ளும். பாலாய் ராயாவிலோ மண்டபத்திலோ காய்ந்த தரை கிடைத்தால் அங்கே பழகுங்கள், இல்லையேல் அன்றைக்குக் காலடி மட்டும் போதும்.

6. நிறுத்து என்பதற்கு ஒரு சொல்லை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். யார் சொன்னாலும், எதற்குச் சொன்னாலும், அந்த நொடியே கம்பு தரையைத் தொட வேண்டும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இந்த அத்தியாயத்தில் பயிற்சி 1-ஐ மட்டும் செய்யட்டும். வளரும் எலும்பின் நுனிகளில் இன்னும் கெட்டிப்படாத குருத்து இருக்கிறது. விரலிலோ மணிக்கட்டிலோ அது நசுங்கினால் அந்த எலும்பின் வளர்ச்சியே கோணிப்போகலாம்.

பயிற்சி 1: தூரக்கோடு

இது எளிதாகத் தோன்றும், பலர் ஒரே நாளில் கடந்துவிட நினைப்பார்கள். இதற்குப் பின்னால் வரும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது என்பதால் அவசரப்பட வேண்டாம்.

1. இருவரும் கம்பு பிடித்து எதிரெதிரே நில்லுங்கள். கூட்டாளி கம்பை முழுவதும் நீட்டட்டும். அதன் நுனி உங்கள் நெற்றியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்தில் உங்கள் கால்விரல் நுனிக்கு நேராகத் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள்.

2. அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் பின்னால் இன்னொரு கோடு போடுங்கள். பின்கோட்டில் நின்றால் அவர் கம்பு உங்கள் தலைக்கு எட்டாது.

3. பின்கோட்டில் நின்றபடியே உங்கள் கம்பை நீட்டுங்கள். அவர் முகத்துக்கு எட்டாது. கம்பைப் பிடித்து முன்னால் நீண்டிருக்கும் அவர் கைக்கு எட்டும். கை முகத்துக்கு ஏறக்குறைய ஒரு முழம் முன்னால் இருப்பதால் கிடைக்கும் லாபம் இது.

4. இப்போது கூட்டாளி மெல்ல முன்னும் பின்னும் நடக்கட்டும். நீங்கள் எப்போதும் அந்தப் பின்கோட்டுத் தூரத்தையே காத்து நகருங்கள். அடி வேண்டாம், தட்டு வேண்டாம், காலடி மட்டும்.

5. நகரும்போதே அவ்வப்போது “நில்” என்று சொல்லி, இருவரும் நின்ற இடத்திலேயே கம்பை நீட்டித் தூரம் சரியா என்று பாருங்கள். தொடர்ந்து சரியாக வரத் தொடங்கிய பிறகே அடுத்த பயிற்சி.

வெறுங்கைக்கும் இதே பயிற்சிதான். கம்புக்குப் பதில் நீட்டிய இடது கை முட்டி.

பயிற்சி 2: கம்பில் கையடி

சிலம்பக் கம்பில் வாளுக்கு இருப்பதுபோல் கைக்காப்பு கிடையாது. கம்பைப் பிடித்த விரல்கள் வெளியே தெரிகின்றன, அவை முன்னால் இருக்கின்றன, அவை இல்லாமல் எதிராளி ஒன்றும் செய்ய முடியாது. எதிராளியின் பிடியைக் குலைத்துக் கம்பைப் பறக்கவிடுவது சிலம்பத்தில் பழங்காலத்திலிருந்தே மதிக்கப்படும் வெற்றி. அதற்கான நேரான வழி கைதான்.

கை சிறியது, வேகமாக நகர்வது, அதை எப்படி அடிப்பது என்று உடனே கேட்கத் தோன்றும். நகரும் கையைத் துரத்தினால் கிடைக்காது, உண்மை. ஆனால் எந்த வீச்சிலும் கை கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும் நேரம் ஒன்று இருக்கிறது. கூட்டாளியை மேலிருந்து கீழாக மெதுவாக ஒரு வீச்சு வீசச் சொல்லிக் கூர்ந்து பாருங்கள். தோள் இறங்குகிறது, முன்னால் உள்ள முழங்கை நீண்டு நேராகிறது, கம்பு போக வேண்டிய இடத்துக்குப் போய் முடிகிறது. அங்கே விரல் முட்டிகள் வெளுக்க இறுகிய பிடியோடு, திரும்பி எழுவதற்கு முன் கை ஒரு கணம் தங்குகிறது. அந்தத் தங்கல்தான் உங்கள் இலக்கு. கையின் அளவைப் பற்றிக் கவலைப்படாமல் இந்தக் கணத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

1. தூரக்கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று கூட்டாளியை அழையுங்கள். தலையை நோக்கி அவர் வீசட்டும், பாதி வேகத்தில்.

2. வீச்சு தொடங்கியதும் பின்காலை முதலில் நகர்த்தி, பின்னாலும் பக்கவாட்டிலுமாக அரை அடி ஒதுங்குங்கள். முன்கால் பின்தொடரட்டும். முன்காலை முதலில் இழுத்தால் நிலை குலையும்.

3. ஒதுங்கும்போதே உங்கள் கம்பு நுனி உயர வேண்டும். ஒதுங்கி முடித்த பிறகு உயர்த்தினால் நேரம் கடந்துவிடும்.

4. அவர் வீச்சு முடிந்து கை தங்கும் நொடியில் முன்கையின் மேல் நுனியை விடுங்கள். பழகும்போது மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுப்பகுதியே குறி, விரல் வேண்டாம். பலம் பத்தில் இரண்டு பங்கு. நுரை ‘டப்’ என்று கேட்டால் போதும்.

5. தொட்டதும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். தொட்ட அதே அசைவில் கம்பை உங்கள் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, இன்னொரு அரை அடி பக்கவாட்டில் போங்கள். நிஜத்தில் அடிபட்ட கை கம்பை விடாமலும் போகலாம், இன்னொரு வீச்சு வரலாம்.

6. இது கூடிவந்த பிறகு, அவர் கம்பை ஓங்கும்போதே அடிப்பதைப் பழகுங்கள். இது கடினம், ஏனென்றால் நீங்கள் ஒதுங்காமல் முன்னால் போகிறீர்கள். தவறினால் அவர் அடி முழுதாக உங்கள் மேல் விழும். முதல் ஐந்து படிகள் தூக்கத்திலும் வரும் என்ற நிலைக்கு முன் தொடவேண்டாம்.

குறிப்பு: உங்கள் விரலும் அதே ஆபத்தில் இருக்கிறது. கம்புகள் மோதும்போது அவர் கம்பு உங்கள் கம்பின் மேல் வழுக்கிக்கொண்டு நேராக உங்கள் விரலுக்கு வரும். தட்டும்போது கம்பைப் படுக்கையாகப் பிடிக்காமல் நுனியைச் சாய்த்துப் பிடித்தால் அது விலகி வழியும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிடி வியர்த்து நழுவுவதும் உண்டு. சிறு துண்டு ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு சுற்றுக்குச் சுற்று துடையுங்கள்.

முகத்தைக் காக்கத் தூக்கிய கையில் தடி விழுந்தால் முன்கையின் இரண்டு எலும்புகளில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு தனியாக முறிவது வழக்கம். மருத்துவர்கள் அந்த முறிவைப் போலீஸ் தடியின் பெயராலேயே குறிக்கிறார்கள், அவ்வளவு சாதாரணமாக வருவது அது. நீங்கள் பழகும் அடியும் அந்த எலும்பில்தான் விழுகிறது என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் நினைவில் வையுங்கள்.

பயிற்சி 3: முன்காலை உதைத்தல்

காலின் கதை வேறு விதம். கை நீளும்போது கிடைக்கிறது. கால் உடல் எடையைத் தாங்கும்போது கிடைக்கிறது. எடை தாங்கிய கால் தரையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, உதை விழும்போது பின்வாங்க அதற்கு வழியில்லை. எதிராளி குத்துவதற்காக முன்காலை ஊன்றும் நேரத்தில் உதைப்பதன் காரணம் இதுதான்.

1988-இல் லாஸ் வேகாஸில் அமெரிக்க கிக்பாக்ஸிங் வீரர் ரிக் ரூஃபஸ், தாய்லாந்தின் சாங்புவெக் கியாட்சோங்ரிட்டை எதிர்கொண்டார். முதல் சுற்றிலேயே ரூஃபஸின் தாக்குதலில் சாங்புவெக் கீழே விழுந்தார், தாடை உடைந்தது. இருந்தும் சாங்புவெக் ரூஃபஸின் தொடையை மட்டும் திரும்பத் திரும்ப உதைத்துக்கொண்டே வந்தார். நான்காவது சுற்றில் ரூஃபஸால் நிற்க முடியவில்லை. தலையில் வாங்கிய அடி வேகமாகத் தெரிந்தது, காலில் வாங்கியது மெல்லச் சேர்ந்தது. இடுப்புக்குக் கீழே உதைக்காத விதியில் வளர்ந்தவருக்கு அதைத் தடுக்கவே தெரிந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

1975-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் குத்துச்சண்டையில் ஜோ பக்னரைப் பதினைந்து சுற்றுகள் ஆடி வென்றவர் முகமது அலி. அடுத்த ஆண்டு ஜூனில் தோக்கியோவில் மல்யுத்த வீரர் அந்தோனியோ இனோக்கி அவரைச் சந்தித்தபோது பெரும்பாலான நேரம் தரையில் கிடந்தபடியே அலியின் கால்களை உதைத்தார். ஆட்டம் சமனில் முடிந்தது, பார்க்க வந்தவர்கள் சலித்துப்போனார்கள். ஆனால் உலகின் மிக வேகமான கைகள் அன்று பயன்படவே இல்லை, ஏனென்றால் அந்தக் கைகளுக்கு எட்டும் தூரத்தில் இனோக்கியின் தலை இல்லை. அலியின் கால்கள் வீங்கி, இரத்தக் கட்டுக்காகச் சிகிச்சை பெற வேண்டியிருந்தது. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தெரியவில்லை.

மூன்றாவது சான்று அண்மையது. 2021 ஜனவரியில் அபுதாபியில் நடந்த கலப்புச் சண்டை (எம்எம்ஏ) ஆட்டத்தில் டஸ்டின் பொய்ரியே, கோனர் மெக்ரெகரின் முன்கால் கெண்டையைத் தொடர்ந்து உதைத்தார். முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே விரல் வைத்தால் ஓர் எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதைச் சுற்றிக்கொண்டு பாதத்தை மேலே தூக்கும் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அந்தப் பகுதியில் அடி சேரச் சேரப் பாதம் சொன்னபடி கேட்பதில்லை. மெக்ரெகர் நகர முடியாமல் நின்றார். இரண்டாவது சுற்றில் ஆட்டத்தை முடித்தவை பொய்ரியேயின் கைகள். இந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்கோடிடுங்கள்: கால் கதவைத் திறந்தது, முடித்தது வேறு அடி.

1. கனமான பையில் தொடங்குங்கள். முன்காலை எதிராளியின் வெளிப்பக்கமாகச் சாய்வாக ஓர் அடி வையுங்கள், விரல்கள் வெளியே பார்க்கட்டும். விரல் நேராக இருந்தால் இடுப்பு திரும்பாது, முழங்கால்தான் திருகும்.

2. இடுப்பைத் திருப்பிப் பின்காலை விடுங்கள். பையைத் தொடுவது கணைக்காலின் கீழ்ப்பாதி. புறங்காலால் உதைத்தால் அதன் சிறு எலும்புகள் தாங்காது.

3. உதைக்கும் பக்கத்துக் கை கீழே வீசும்போது மறுகை தாடையை விட்டு நகரக் கூடாது. தாழ உதைப்பவர் வாங்கும் குத்துகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் வருகின்றன.

4. உதை பையைத் தொட்டதும் கால் அதே வழியில் திரும்பிப் பின்னால் ஊன்றட்டும்.

5. கூட்டாளியோடு பழகும்போது குறி தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதி. அங்கே சதை தடிப்பு. முழங்காலையும் அதற்குச் சற்று மேலும் கீழும் உள்ள பகுதியையும் தொடக் கூடாது. கெண்டைக்கால் உதையைப் பை மேல் மட்டும் பழகுங்கள். நரம்பு அவ்வளவு மேலோட்டமாக ஓடும் இடத்தில் நண்பரை உதைத்துப் பழகுவதற்கு நியாயமே இல்லை.

6. கூட்டாளி மெதுவாக ஓர் இடது குத்து விடட்டும். அவர் முன்கால் ஊன்றும் நேரத்தில், நீங்கள் குத்தைத் தட்டிவிட்டு, தொடையில் கணைக்காலை வையுங்கள். “வையுங்கள்” என்றே சொல்கிறேன்.

7. உதைக்கு முன் எப்போதும் ஒரு கை அசைவு இருக்கட்டும். வெறுமனே உதைத்தால் எதிராளிக்குக் காலைத் தூக்க நேரம் கிடைக்கும்.

அவர் காலைத் தூக்கினால் என்ன ஆகும் என்பதை 2013 டிசம்பரில் உலகம் பார்த்தது. எம்எம்ஏ ஆட்டம் ஒன்றில் ஆண்டர்சன் சில்வா உதைத்தார், கிறிஸ் வைட்மன் முழங்காலைத் தூக்கித் தடுத்தார், சில்வாவின் கணைக்கால் எலும்பே முறிந்தது. அடித்தவருக்குத்தான் முறிவு. 2021 ஏப்ரலில் அதே வைட்மன் தம் உதையை எதிராளி தடுத்தபோது தம் காலை முறித்துக்கொண்டார். உதைக்கும் கால் ஓர் ஆயுதம் என்றால், அதுவும் நீளும் உறுப்புதான். இந்த அத்தியாயம் உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும். தடுக்கும் முறை எளிது: முன்கால் முழங்காலை வெளிப்பக்கமாகச் சாய்த்து உயர்த்தி, கணைக்காலின் மேல்பகுதியால் வாங்குங்கள், பாத நுனி மேலே நோக்கட்டும். இருவரும் காப்பு அணிந்து, மிக மெதுவாக, உதைக்குப் பழகிய அளவே இதையும் பழகுங்கள்.

குத்துச்சண்டையில் கை

இங்கே சொல்ல வேண்டியது குறைவு. 1953 செப்டம்பரில் ரோலண்ட் லாஸ்டார்சாவை எதிர்த்த ராக்கி மார்சியானோ, அவர் தடுப்பாக வைத்திருந்த கைகளின் மேலேயே விடாமல் குத்தினார். கை கனத்துக் கீழே இறங்கிய பிறகு பதினோராவது சுற்றில் வென்றார். அது பதினைந்து சுற்று ஆட்டம், அதற்கு நேரம் இருந்தது. மூன்று சுற்று அமெச்சூர் ஆட்டத்தில் எதிராளியின் கை சோரும்வரை காத்திருந்தால் புள்ளியில் தோற்றுவிடுவீர்கள். உங்களுக்குப் பயன்படுவது ஒன்றுதான்: அவர் வலது கையை விட முனையும்போது அந்தத் தோளின் மேலோ மேற்கைச் சதையின் மேலோ உங்கள் இடது குத்தை வைத்தால் அவர் குத்து பிறக்கும் இடத்திலேயே நின்றுவிடும். முழங்கையின் மேல் மட்டும் குத்தாதீர்கள். உங்கள் சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை எலும்பு கையுறைக்குள்ளேயே முறியலாம்.

திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

கையைக் கண்ணால் துரத்துவது முதல் தவறு. எதிராளியின் கையையே பார்த்தால் அவர் அதைத் தூண்டிலாக நீட்டுவார். பார்வை மார்பில் இருக்கட்டும், கை ஓரக்கண்ணில் தெரியும். இரண்டாவது, தொட்டவுடன் வெற்றி என்று நினைத்து நிற்பது. கையடியைத் தனியாக எண்ணாமல், அடி, ஒதுங்கல், அடுத்த அடி என்று மூன்றையும் ஒரே அசைவாக எண்ணுங்கள். மூன்றாவது தவறு சங்கடமானது: தனக்கு விழுந்த அடிக்குப் பதில் கொடுக்கும் ஆசையில் பலம் ஏறிக்கொண்டே போவது. பத்தில் இரண்டாகத் தொடங்கியது சற்று நேரத்தில் எட்டாகிவிடும், இருவருமே அதை உணர மாட்டார்கள். ஆகவே மூன்றாம் ஆள் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். அவர் நிறுத்தச் சொன்னால் விவாதம் கூடாது.

எழும் ஆட்சேபங்கள்

வெறியில் இருப்பவனுக்கு வலி தெரியாது, கையில் அடித்து என்ன பயன் என்பார்கள். வலியை நம்பி அடித்தால் அது சரியான ஆட்சேபம்தான். ஆனால் இரத்தம் கட்டிய தொடைச் சதை சுருங்கி விரிய மறுப்பது வலியைப் பொறுத்தது இல்லை; நசுங்கிய நரம்பு பாதத்தைத் தூக்காமல் விடுவதும் அப்படித்தான். அதற்கும் மேலாக, அடி பலிக்காமல் போனாலும் நீங்கள் அவருக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறீர்கள். தலையைக் குறிவைத்துத் தவறியவர் நிற்கும் இடத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

விரலை அடிப்பது வீரம் இல்லை என்பது இன்னொரு ஆட்சேபம். இதை மதிக்கிறேன், ஏனென்றால் கம்பு பிடித்தவரின் தொழிலே விரலில் இருக்கலாம்: பட்டறையில், கணினியில், மிருதங்கத்தில். அதனால்தான் பயிற்சியில் விரலை விட்டு முன்கையைக் குறியாகச் சொன்னேன். ஆனால் தலையில் அடிப்பது மட்டும் எப்படி வீரமாகிறது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. முறிந்த முன்கை பெரும்பாலும் கூடிவிடும். மூளையில் திரும்பத் திரும்ப விழும் அடி அப்படிக் கூடுவதில்லை.

மெல்லத் தொட்டுப் பழகியவன் நிஜத்தில் மெல்லத்தான் தொடுவான் என்ற மூன்றாவது ஆட்சேபத்துக்குப் பை பதில் சொல்கிறது. பலத்தைப் பையிலும் தொங்கவிட்ட டயரிலும் பழகுங்கள். நேரத்தையும் தூரத்தையும் ஆளோடு பழகுங்கள். இரண்டையும் ஒரே ஆள் மேல் பழகத் தேவையில்லை.

சட்டத்தை மறக்க வேண்டாம்

வகுப்புக்கு வெளியே இதைப் பயன்படுத்த நேர்ந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மலேசியத் தண்டனைச் சட்டம் தற்காப்பு உரிமையை ஏற்கிறது, ஆனால் 99-ஆம் பிரிவு தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டிக் காயப்படுத்த அனுமதிப்பதில்லை. 320-ஆம் பிரிவின்படி எலும்பு முறிவும் மூட்டு நழுவலும் கொடுங்காயத்தில் சேரும். தலையை விட்டுக் கையைத்தானே அடித்தேன் என்பதால் மட்டும் குற்றம் சிறியதாகிவிடாது. எதிராளி கம்பை விட்ட பிறகு, ஓடத் தொடங்கிய பிறகு, விழுந்த பிறகு விழும் அடி தற்காப்பாக எண்ணப்படும் என்று நம்பாதீர்கள். தப்பிக்க இடம் கிடைத்ததும் தப்பியுங்கள், 999-ஐ அழையுங்கள்.

அடிபட்ட பின்

1. பயிற்சியை உடனே நிறுத்துங்கள். துணி சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து, இருபது நிமிடம் வையுங்கள், உறுப்பை உயர்த்தி வையுங்கள்.

2. தொடையில் இரத்தம் கட்டியிருந்தால் வலி பொறுக்கும் அளவுக்கு முழங்காலை மடக்கி வைப்பது நல்லது. நீட்டியே வைத்தால் சதை இறுகிவிடும்.

3. எண்ணெய் போட்டு நீவாதீர்கள். மின்யாக் காமாட், தைலம் எதுவானாலும் முதல் சில நாள்களுக்குக் கட்டிய இரத்தத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஆழமான தொடைக்காயத்தை நீவிவிட்டால் சதைக்குள்ளேயே எலும்புபோல் கெட்டிப்பட வாய்ப்பு உண்டு. வீட்டில் பெரியவர்கள் அன்போடு வற்புறுத்துவார்கள். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

4. கை வளைந்து தெரிந்தால், ஓர் இடத்தை விரலால் தொட்டாலே உயிர் போகும் வலி வந்தால், விரலோ பாதமோ தூக்க வராவிட்டால், எலும்பு முறிவு அல்லது நரம்புக் காயம் என்று எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே எடுக்கப் போங்கள்.

5. கெண்டைக்காலோ முன்கையோ கல்போல் இறுகி, வலி காயத்துக்குப் பொருந்தாத அளவுக்கு ஏறிக்கொண்டே போய், விரல்களை நீட்டினால் இன்னும் மோசமாகி, மரத்துப்போனால் காலை வரை காத்திருக்க வேண்டாம். சதையைச் சுற்றிய உறைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். சில மணி நேரத்தில் சதை நிரந்தரமாக அழியலாம். கிளினிக்குக்குப் போகாமல் நேராக அவசரப் பிரிவுக்கே போங்கள், அது சுங்கை பூலோ மருத்துவமனையோ கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமாவோ எதுவானாலும். அழுத்தமான கட்டு போட்டிருந்தால் வழியிலேயே அவிழ்த்துவிடுங்கள்.

6. கடும் உதைகளுக்குப் பின் சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்து வந்தால் அதுவும் அவசரம். நசுங்கிய சதையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது.

திரும்பி வருவதற்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். அடிபட்ட காலால் வலியின்றி முழுதாகக் குந்தி எழ முடிகிறதா, ஒற்றைக் காலில் குதிக்க முடிகிறதா, கையானால் ஈரத் துணியை முறுக்கிப் பிழிய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தூரக்கோட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள். முதல் வாரம் யாரும் உங்களைத் தொட வேண்டாம், நீங்களும் யாரையும் தொட வேண்டாம்.